தில்லைநகர் ஏல ஃப்ளாட்: விலை குறைந்தது சரி, வேலை எவ்வளவு?

திருச்சி தில்லைநகரில் வங்கி கைப்பற்றிய பழைய ஃப்ளாட், முதல் ஏலத்தில் ஆள் வராததால் குறைந்த அடிவிலையோடு மறுபடி வந்திருக்கிறது. மேல்தளம். ரெட் ஆக்சைடு தரையும் தேக்கு நிலைகளும் அருமை. தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட்டுவிடாதீர்கள், மெழுகிட்டுத் தேய்த்தாலே மின்னும்.

சிக்கல் தலைக்கு மேலே. குளியலறைக் கூரையில் பூச்சு உப்பி உதிர்ந்து, துருவேறிய கம்பி பல்லிளிக்கிறது. மொட்டைமாடித் தட்டோடுகளின் இடுக்கு விரிந்து ஐப்பசி அடைமழை இறங்கியிருக்கிறது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கே மறுபடி உப்பும். முதலில் மாடியின் விரிந்த இடுக்குகளை அடைத்துவிடுங்கள். மாடி பொதுச்சொத்து, ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு சுத்தியலால் தட்டி, பொள்ளென ஒலிக்கும் பூச்சு முழுவதையும் கொத்தி, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலவையால் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்க்காமல் கைவைக்காதீர்கள்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், எர்த் இல்லாத வயரிங் இரண்டும் முழுதாக மாற வேண்டியவை.

பணக்கெடு கறாரானது. ஏலத்தில் கலந்துகொள்ளக் கட்டும் முன்வைப்பு, அடிவிலையில் 10%; ஏலம் கிடைத்தால் அதையும் சேர்த்து ஏல விலையில் 25% அன்றோ மறுவேலைநாளிலோ; மீதி, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாளில். தவறினால் கட்டியது போய்விடும். கடனை முன்பே பேசி வையுங்கள். அறிவிப்பில் 'குறியீட்டு உடைமை' (காகிதத்தில் மட்டும் வங்கி வசம்) என்றிருந்தால் உள்ளே ஆள் குடியிருக்கலாம். வில்லங்கச் சான்று, பிரிபடாத மனைப்பங்கு, சங்கப் பாக்கி, சொத்துவரி நான்கும் தெளிவானால் மட்டும் ஏலம் கேளுங்கள்.