வரப்புக்கு வரும் காட்டுப்பன்றி: காவலா, வேலியா, மனுவா?

பன்றித் தொல்லைக்கு எது சரியான வழி என்று வேலூர் மாவட்டத்துப் பேரணாம்பட்டு, குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் சோலார் வேலி என்பார். இன்னொருவர் வனத்துறைக்கு மனு கொடு என்பார். குரலைத் தாழ்த்தி வேறு ஏதாவது சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பதில்கள் எதிலும் வராத ஆள் பக்கத்துக் கொல்லைக்காரர், அதாவது அடுத்த நிலத்துக்காரர். என் நிலத்தில் நுழைய முடியாத பன்றி பசியோடு மலைக்குத் திரும்பிப் போவதில்லை. வரப்போரமாகவே நடந்து அவர் மல்லாட்டையில் (நிலக்கடலையில்) இறங்கும். மறுநாள் காலை, "இன்னா மாமா, பன்னிய எங்க கொல்லைக்கு ஓட்டி வுட்டுட்டு நீ தூங்கறயா?" என்று ஒரு சத்தம் வரும். அதோடு பழைய வரப்புத் தகராறும் எழுந்து நிற்கும்.

அதனால் ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகள் வைத்துப் பார்க்கிறேன். பன்றி நிற்குமா? சட்டம் விடுமா? பக்கத்துக் கொல்லைக்காரர் முகத்தில் மறுநாள் விழிக்க முடியுமா?

முதலில் தள்ள வேண்டியவை

ஒரு காலத்தில் பொங்கலையொட்டி ஊரே கூடிப் பாரி வேட்டைக்குப் போன பகுதி இது. எந்தப் பக்கம் யார் நிற்பது, அடிபட்டது யார் நிலத்தில் விழுந்தால் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் ஊர்ப் பேச்சில் தீரும். இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றியைக் கொல்வது, விஷம் வைப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைத்துப் பிடிப்பது எல்லாமே வேட்டைதான். சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் அதே கதை. பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான். பன்றியைச் சுட அனுமதி ஆகாது. செத்த பன்றி யார் வரப்பில் கிடந்தாலும் அது அரசாங்கச் சொத்து. பங்கு போட்டுத் தின்றால், தின்ற வீடுகள் அத்தனையும் வழக்கில் சேரும்.

அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த வெடி) வைப்பவர் பன்றிக்கென்றுதான் வைக்கிறார். ஆனால் அது கிடப்பது வரப்போரப் புல்லில். அந்தப் புல்லை முதலில் மேயப்போவது பக்கத்து வீட்டுக் கறவை மாடு. வாய் கிழிந்த மாட்டுக்கு யார் பதில் சொல்வது? கிளட்ச் கம்பிச் சுருக்கும் அப்படித்தான். ஆடு, நாய் எது போனாலும் மாட்டும்.

எல்லாவற்றிலும் மோசமானது பம்புசெட்டில் இருந்து நேராகக் கம்பி இழுத்துவிடுவது. நம் பக்கம் மும்முனை மின்சாரத்தை நம்பி ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மோட்டார் போட, மடை திருப்ப, இருட்டில் வெறுங்காலோடு ஈர வரப்பில் நடப்பவர் பக்கத்துக் கொல்லைக்காரர்தான். எந்த இடத்தில் கம்பி ஓடுகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள், சொன்னால் திருட்டு வெளியே வந்துவிடுமே. மனிதர் செத்தால் மின்திருட்டு வழக்கோடு உயிர்ப்பலி வழக்கும் சேரும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட ஒரு கம்பியில் 3 யானைகள் செத்தன, குட்டிகள் 2 தாயில்லாமல் நின்றன. ஆந்திரத்துக் கவுண்டின்யா சரணாலயத்தில் இருந்து பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமும் யானை இறங்குகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி ஒப்பிட ஒன்றும் இல்லை.

காவல்

பரண் போட்டு டார்ச் அடித்து, தகரம் தட்டி, பட்டாசு வெடித்து விரட்டுவதற்கு எந்தத் துறையிலும் கையெழுத்து வாங்க வேண்டாம். பயிரை விட்டு விலங்கை விரட்டுவது மட்டும் வேட்டை ஆகாது. பிடிப்பதற்கோ கொல்வதற்கோ வளைத்து ஓட்டினால்தான் குற்றம். பணமும் அதிகம் போகாது, தூக்கம்தான் போகும்.

காவல் எந்தப் பயிருக்கு என்பதுதான் இங்கே முக்கியம். மல்லாட்டை நூறு, நூற்றுப்பத்து நாள் பயிர். பன்றி தோண்டுவது பெரும்பாலும் காய் பிடித்து முற்றும் கடைசி வாரங்களில். அந்த வாரங்களுக்குக் கண் விழித்துவிடலாம். கரும்பு அப்படியில்லை. பத்து, பன்னிரண்டு மாதம் யாரும் பரணில் உட்கார முடியாது. போதாததற்குக் கரும்புக்குள் பன்றி பகலெல்லாம் படுத்திருக்கும், குட்டியும் போடும்.

வரப்பு நாகரிகம் அதிகம் தேவைப்படுவதும் காவலில்தான். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஓடும். ஆகவே எங்கே நின்று தகரம் தட்டுகிறோம் என்பது பக்கத்து நிலத்தின் தலையெழுத்து. மலை மேற்கே இருந்தால் கிழக்கே நின்று சத்தம் போட வேண்டும். சௌகரியத்துக்காக மேற்கே இருக்கும் பம்புசெட் கொட்டகையிலேயே உட்கார்ந்து வெடித்தால் பன்றி மொத்தமும் கிழக்குக் கொல்லைக்குள் போகும். காய்ந்த சோகை இருக்கும் கரும்புத் தோட்டத்துப் பக்கம் பட்டாசு வீசவே கூடாது. சினை மாடு கட்டியிருக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் வெடிப்பதாக இருந்தால் சாயங்காலமே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாயை அவிழ்த்துவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். நாய் பன்றியை விரட்டிக்கொண்டு நான்கு பேர் நாற்றங்காலை மிதித்துவிட்டுத்தான் திரும்பும், சில நேரம் குடல் சரிந்து திரும்பும்.

நான்கைந்து கொல்லைக்காரர்கள் முறை வைத்துக் காத்தால் ஒருவருக்கு வாரத்தில் ஒன்றிரண்டு ராத்திரிதான் வரும். தனித்தனியாகக் காத்தால் எல்லோரும் எல்லா ராத்திரியும் விழித்திருந்து, பன்றியை ஒருவர் நிலத்தில் இருந்து மற்றவர் நிலத்துக்குத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். பல ஊரில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

சேலை, முடி, மருந்து, முள்

பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, சலூன் முடியைத் தூவுவது, நாற்ற மருந்து தெளிப்பது ஆகியவை முதல் சில நாள் வேலை செய்யும். அப்புறம் பன்றி பழகிவிடும். அறுவடைக்கு முந்திய கடைசி நாட்களுக்குக் கைவசம் வைத்துக்கொள்ளலாம். குறுணையாக வரும் பூச்சிமருந்துப் பொட்டலங்களைத் துணியில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுவது நல்லது. மழைத் தண்ணீர் வழிந்து போகும் இடம் பக்கத்துக் கிணறு.

கிளுவை, களா, ரயில் கற்றாழை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வைக்கலாம். சட்டச் சிக்கல் இல்லை, பராமரிப்புச் செலவும் குறைவு. ஆனால் பன்றி நுழையாத அளவு அடர வருடங்கள் ஆகும். வரப்பின் நடுவே நட்டால் நிழலும் வேரும் இரண்டு பக்கமும் போகும். கவாத்து யார் செய்வது என்று முதலிலேயே பேசாமல் நட்டால், வேலி வளர்வதற்குள் சண்டை வளர்ந்துவிடும். அவசரத்துக்குச் சீமைக்கருவேலத்தை வளரவிடுபவர்களும் உண்டு. அந்தப் புதர்தான் பன்றிக்குப் பகல் வீடு.

சோலார் வேலி: தனியாகவா, சேர்ந்தா?

சோலார் வேலி உயிரை எடுக்காததற்குக் காரணம் மின்னழுத்தம் குறைவு என்பதல்ல. கம்பியில் பல ஆயிரம் வோல்ட் வருகிறது. ஆனால் ஒரு நொடிக்கு ஒருமுறை, மிக மிகச் சிறிய நேரத்துக்கு மட்டும் துடிப்பாக வருகிறது. தொட்ட விலங்கு உதறிக்கொண்டு விலக நேரம் இருக்கிறது. வீட்டு 230 வோல்ட் விடாமல் ஓடுவதால் பிடித்துக்கொள்கிறது, கொல்கிறது. இந்தத் துடிப்பைக் கொடுக்கும் எனர்ஜைசர் தரச்சான்று உள்ளதாக இருக்க வேண்டும். உள்ளூரில் யாரோ செய்து கொடுக்கும் பெட்டியை நம்பி வரப்பில் கம்பி ஓட்டுவது, நேர்க் கம்பிக்கு அடுத்தபடியான ஆபத்து.

தமிழ்நாட்டில் 2023இல் மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் வந்தன. காப்புக்காட்டில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் வேலி போட வனத்துறையின் முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே போட்டிருப்பதையும் பதிவு செய்ய வேண்டும். வேலூர் மாவட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு மலை தெரியாத ஊர் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இந்த அனுமதி தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேளாண் பொறியியல் துறையில் மானியத் திட்டம் உண்டு. அது அந்தந்த ஆண்டு நிதியைப் பொறுத்தது, ஆகவே கேட்டுவிட்டுக் கம்பி வாங்குங்கள்.

இனி கணக்கு. ஒரு ஏக்கர் சதுர நிலத்தைச் சுற்ற சுமார் 255 மீட்டர் வேலி வேண்டும். அடுத்தடுத்து நான்கு பேர், ஆளுக்கு ஒரு ஏக்கர் தனித்தனியாகச் சுற்றினால் 1,020 மீட்டர், பெட்டி நான்கு, பேட்டரி நான்கு. அதே நான்கு ஏக்கரைச் சேர்த்து வெளியோரமாக மட்டும் சுற்றினால் சுமார் 510 மீட்டர், பெட்டி ஒன்று. கம்பியும் கல்லும் சரிபாதி. கொல்லைகள் சதுரமாக இல்லாமல் நீளநீளமாக இருந்தால் (பங்கு பிரித்த நிலங்கள் பெரும்பாலும் அப்படித்தான்) மிச்சம் இன்னும் கூடும். இந்தக் கணக்கைக் காட்டிய பிறகும் தனி வேலி போடுகிறவர்களுக்கு வேலி காரணமல்ல, பங்காளிப் பகை காரணம்.

தனி வேலியில் இன்னொரு கோளாறு உண்டு. வரப்புப் புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்துடிப்பு மண்ணுக்குள் போய்விடும், வேலி செத்ததற்குச் சமம். பன்றி மூக்கால் நெம்பிக்கொண்டு வருவதால் அதற்கு முக்கியமே அந்தக் கீழ்க்கம்பிதான். வேலியின் அந்தப் பக்கத்துப் புல் பக்கத்துக்காரர் நிலத்தில் இருக்கிறது. அவரைக் கேட்காமல் போட்ட வேலிக்கு அவர் ஏன் புல் அறுக்கப் போகிறார்? நானே இறங்கி அறுத்தால் அத்துமீறல் என்பார்.

ஆகவே தனியாகப் போடுவதாக இருந்தால் வரப்பின் மேல் கல் நடாதீர்கள். சர்வேயரை வைத்து அளந்து, நில எல்லை காட்டும் புலப்பட நகலோடு ஒத்துப் பார்த்து, உங்கள் பக்கம் ஆள் நடந்து புல் அறுக்கும் அளவு உள்ளே தள்ளி நடுங்கள். கொஞ்சம் மண் போகும்தான். சண்டையும் சேர்ந்து போகும். அளவெடுக்கும் நாளில் பக்கத்துக்காரரையும் நிற்கச் சொல்லுங்கள்.

சேர்ந்து போடுவதாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளாவது எழுதிக்கொள்ள வேண்டும். பெட்டி யார் கொட்டகையில் இருக்கும், பேட்டரி போனால் செலவு ஏக்கர் கணக்கிலா சமமாகவா, யார் எந்த ஓரத்துப் புல்லை அறுப்பது, மாலையில் போட்டுக் காலையில் அணைப்பது யார், நிலத்தை விற்றால் வாங்குகிறவர் கட்டுப்படுவாரா என்று எல்லாம் அதில் வர வேண்டும். எச்சரிக்கைப் பலகை கட்டாயம். பள்ளிப் பிள்ளைகள் வரும் ஒற்றையடிப் பாதையில் தொங்கும் பலகைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

வனத்துறைக்கு மனு

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் மூன்று வளையம் போட்டது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுவதற்கில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், ஆனால் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டும். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை அலுவலர், ஊராட்சித் தலைவர் சேர்ந்த கிராமக் குழு வழியாக மனு போகும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பன்றி அதிகம் படுத்தும் அடிவாரக் கிராமங்கள் முதல் வளையத்திலேயே விழுந்துவிடுகின்றன. பாலாற்றுச் சமவெளிப் பக்கத்து ஊர்களுக்குத்தான் மூன்றாவது வளையம் கைகொடுக்கும். அங்கேயும் ஒரு கொல்லைக்காரர் தனியாக மனு கொடுப்பதைவிட, வரப்பைச் சுற்றியிருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போடுவது நல்லது. பன்றி சேதம் செய்வது ஒரு நிலம், படுப்பது இன்னொரு நிலம். ஆட்கள் வரும்போது படுக்கும் நிலத்துக்காரர் உள்ளே விட மறுத்தால் எல்லாம் வீண். துப்பாக்கியோடு ஆட்கள் வரும் ராத்திரி, சுற்றியுள்ள எந்தக் கொல்லையிலும் யாரும் மோட்டார் போடப் போகாமல் பார்த்துக்கொள்வதும் மனு கொடுத்தவர்கள் வேலைதான்.

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கேட்பதையும் இதோடு சேர்த்துச் செய்யலாம். சேதம் ஆன காலையிலேயே, தோண்டிய குழி, குளம்படி, வரப்பு எல்லாம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். பக்கத்துக்காரர் சாட்சி சொன்னால் நல்லது. ஆய்வுக்கு வரும் வரை உழுதுவிடாமல் காத்திருப்பதுதான் கஷ்டம்.

எனக்குப் படுவது

அடிவாரத்தில் மல்லாட்டை மட்டும் போடுகிறவர்களுக்கு முறைக்காவல் போதும். கடைசி வாரத்துக்கு வேண்டுமானால் சேலையும் கட்டிக்கொள்ளலாம். கரும்பு, வாழை, நெல் என்று ஆண்டு முழுக்கப் பயிர் இருக்கிறவர்களுக்குக் கூட்டுச் சோலார் வேலியை விட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. சமவெளியில் இருந்தால் மனுவையும் சேர்த்துக் கொடுக்கலாம். தனி வேலியைக் கடைசியில்தான் வைப்பேன்.

நடுவில் ஒரு கொல்லை தரிசாகக் கிடந்து, அதன் சொந்தக்காரர் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தால் என்ன செய்வது? போன் போட்டுக் கேட்டால் பெரும்பாலும், "வெட்டிக்கோ தம்பி, எனக்கென்ன" என்பார்கள். அதை வாட்ஸாப்பில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொண்டு புதரை வெட்டுங்கள், மரத்தைத் தொடாதீர்கள்.

நான்கு பேரில் ஒருவர் கடைசி வரை சேர மறுக்கிறாரா, சரி, அவரை வெளியே விட்டு மூன்று பேர் நிலத்தைச் சுற்றுங்கள். கம்பி அவர் எல்லைக்கு இந்தப் பக்கமே ஓடட்டும். அவர் வண்டிப் பாதை உங்கள் வேலிக்குள் வருவதாக இருந்தால், உழவு நாளில் டிராக்டர் போகும் அகலத்துக்கு ஒரு கேட் வைத்து, சாவி ஒன்றை அவர் கையிலும் கொடுங்கள்.