கையால் தள்ளும் ரீல் புல்வெட்டி: அருகம்புல்லுக்குப் பொருந்தும், அகலப் புல்லுக்கு வேண்டாம்

மோட்டார் கிடையாது, பெட்ரோல் கிடையாது. தள்ளத் தள்ளச் சக்கரம் சுற்றும், சக்கரத்தோடு சேர்ந்து ரீல் என்ற தகட்டு உருளை சுற்றும். சுருள் வடிவில் வளைந்த தகடுகள் புல்லை அடியில் அசையாமல் நிற்கும் கத்தியின் மேல் கொண்டுவந்து நறுக்கும். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்ற அமைப்பும் இதுதான். அதற்குப் பிறகு பேரிங்கும் எடையும் மாறின, வெட்டும் விதம் மாறவில்லை. வெயிலும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், வளரும் பருவம் முழுக்க விடாமல் வளரும் புல்லுக்கு இதை வாங்கலாமா?

முதலில் புல்லைப் பாருங்கள். அருகம்புல், அதன் கலப்பினங்கள், ஜோய்சியா புல்லின் மெல்லிலை வகைகள் ஆகியவற்றின் இலை மெலிது. அவற்றைத் தாழ்வாக வெட்டினால் அடர்ந்து படரும். சாதாரண அருகம்புல்லை 1 முதல் 2 அங்குலத்திலும், கலப்பின அருகையும் மெல்லிலை ஜோய்சியாவையும் அதற்கும் கீழேயும் வைத்துக்கொள்ளலாம். அந்த உயரத்தில் ரீல் போடும் வெட்டுக்கு, வீட்டு உபயோகத்துக்கு விற்கும் சுழல் கத்தி இயந்திரம் எதுவும் ஈடாகாது. சுழல் கத்தி வேகத்தால் அடித்து அறுக்கிறது. முனை மழுங்கிவிட்டால் இலை நுனி கிழிந்து, இரண்டு நாளில் தரை முழுக்க வெளுத்துப் பழுப்பேறும். ரீல் நறுக்கிய நுனி பச்சையாகவே நிற்கும். காற்றில் ஈரம் குறையாத இடத்தில் கிழிந்த நுனி பூஞ்சைக்கும் வழிவிடும் என்பதால், இதை வெறும் அழகு விஷயமாக ஒதுக்க முடியாது.

செயின்ட் அகஸ்டின் புல் போட்டவர்கள் இந்த இயந்திரத்தை மறந்துவிடலாம். அதன் இலை அகலம், தண்டு தடிமன், வெட்ட வேண்டிய உயரம் 2.5 முதல் 4 அங்குலம். பெரும்பாலான ரீல் வெட்டிகள் 3 அங்குலத்துக்கு மேல் உயராது. உயர்ந்தாலும் அந்தப் புல் ரீலுக்குள் போகாமல் முன்னால் மடங்கிப் படுத்துவிட்டு, வண்டி கடந்ததும் எழுந்துகொள்ளும். பஹியா புல்லிலும் இதே கதை. அதன் பூத்தண்டு கம்பி மாதிரி நிற்கும், எத்தனை முறை தள்ளினாலும் விழாது. சென்டிபீட் புல் 1.5 முதல் 2 அங்குலம் என்பதால் சமாளிக்கலாம், அதுவும் நெருக்கமாக வெட்டிக்கொண்டே வந்தால்.

வாங்கும்போது எல்லோரும் கேட்பது அகலத்தை. கேட்க வேண்டியது தகடுகளின் எண்ணிக்கையையும் கியர் விகிதத்தையும். சாக்பீஸால் சக்கரத்தில் ஒரு கோடு, ரீலில் ஒரு கோடு போட்டு, சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் ரீல் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 10 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 31 அங்குலம் நகரும். அதற்குள் ரீல் 6 முறை சுற்றினால், ஐந்து தகட்டு ரீல் 30 வெட்டு போடும். அதாவது ஏறக்குறைய அங்குலத்துக்கு ஒன்று. ஏழு தகடு என்றால் 42 வெட்டு, முக்கால் அங்குலத்துக்கு ஒன்று. இந்த இடைவெளி நீங்கள் வெட்டும் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். ஐந்து தகட்டு இயந்திரத்தை அரை அங்குலத்துக்கு இறக்கிவிட்டு, தரையில் குறுக்கே அலை அலையாக வரி விழுகிறதே என்று புகார் சொல்வதில் நியாயமில்லை. மறுபுறம், ஏழு தகட்டில் தகடுகளுக்கு நடுவே இடம் குறைவு. புல் கொஞ்சம் உயர்ந்துவிட்டால் உள்ளே நுழையாது, தள்ளவும் கனக்கும். 1 முதல் 1.5 அங்குலத்தில் வைத்திருக்கும் அருகம்புல் தரைக்கு ஐந்து தகடு தாராளமாகப் போதும்.

அகலத்தில் 16 அங்குலத்தைத் தாண்ட அவசியமில்லை. 20 அங்குலம் நேரத்தை மிச்சப்படுத்துவது உண்மைதான், ஆனால் தரையின் மேடுகளில் நடுப்பகுதி உரசி மண் தெரியும்படி சிரைத்துவிடும். 16 அங்குல ரீலில் ஒவ்வொரு வரிசையிலும் 2 அங்குலம் மேல்படிய வெட்டினால் 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 260 மீட்டர் நடை. 2,500 சதுர அடிக்கு மேல் இருந்தால், வாரத்தில் இருமுறை தள்ள உடம்பு ஒத்துழைக்குமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வாரத்தில் இருமுறை என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்வதில்லை. ஒரு தடவைக்கு இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 1 அங்குலத்தில் வைக்க வேண்டுமானால் 1.5 அங்குலம் ஆவதற்குள் வெட்ட வேண்டும். மழையும் வெப்பமும் உரமும் சேர்ந்த வாரங்களில் அருகம்புல் அதை மூன்று நான்கு நாளில் எட்டிவிடும். ஒரு வாரம் தொடர் மழை என்று விட்டுவிட்டால் ரீல் திணறும். அப்போது பலம் கொடுத்து முட்டித் தள்ளாதீர்கள். உயரத்தைக் கடைசி நிலைக்கு ஏற்றி நெடுக்கே ஒருமுறை, குறுக்கே ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டு நாள் விட்டு ஒரு படி இறக்குங்கள், பிறகு இன்னொரு படி. ஒரே நாளில் இறக்கினால் அடியிலுள்ள பழுப்புத் தண்டுதான் மிஞ்சும். அடிக்கடி வெட்டுவதில் ஒரு லாபம்: விழும் துணுக்கு அவ்வளவு சிறிது, அள்ள வேண்டியதில்லை. அப்படியே மட்கி தழைச்சத்தை மண்ணுக்குத் திருப்பித் தரும். புல் சேகரிக்கும் பை தனி விலைக்கு வந்தால் தயங்காமல் தவிர்க்கலாம்.

இனி அட்ஜஸ்ட்மென்ட். "ஒரு மாதத்திலேயே வெட்டவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான், தகடு மழுங்குவது அல்ல. அடிக்கத்தியின் இரு முனையிலும் திருகுகள் உண்டு. மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து இடது முனை, நடு, வலது முனை என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு தகட்டிலும் வைத்து, கைவிரல் தகட்டருகே போகாமல் ரீலை மெல்லச் சுற்றுங்கள். தாள் சுத்தமாக வெட்டுப்பட வேண்டும். மடங்கினால் அந்தப் பக்கத் திருகை எட்டில் ஒரு சுற்று முறுக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரு முனையிலும் வெட்டி நடுவில் மட்டும் மடங்கினால் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது, திருகு அதைச் சரிசெய்யாது. இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம் கேட்டாலோ, கைவிட்டதும் ரீல் சட்டென்று நின்றாலோ அளவுக்கு மேல் முறுக்கியாயிற்று. வலுவாக முறுக்கினால் நன்றாக வெட்டும் என்று நினைத்து தகடு, அடிக்கத்தி இரண்டையும் சீக்கிரம் தேய்த்துவிடுபவர்கள்தான் அதிகம்.

தகடும் அடிக்கத்தியும் தொடாமல் மயிரிழை இடைவெளியோடு வரும் மாடல்களும் உண்டு. தள்ள லேசு, சத்தம் குறைவு, கூர்மையும் நாள்பட நிற்கும். ஆனால் அந்த இடைவெளி கொஞ்சம் விரிந்தாலும் மழைக்குப் பிறகு வரும் இளசான மெல்லிலை அதற்குள் மடங்கித் தப்பிவிடும். மெல்லிலைப் புல்லுக்கு லேசாகத் தொடும் மாடலே மேல் என்பது எங்கள் கணிப்பு.

நடு தேய்ந்தாலோ முனை மழுங்கினாலோ அரத்தால் ராவ வேண்டாம். என்ஜின் வால்வுக்குப் போடும் அரைக்கும் பசையைத் தகடுகளின் விளிம்பில் பூசி, ரீலைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அதற்குச் சக்கரத்தைக் கழற்றி, உள்ளேயிருக்கும் சிறு கியரை இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும். சில மாடல்களில் ரீல் அச்சில் கைப்பிடி மாட்டினால் போதும். கியரோடு வரும் சின்ன நாக்கு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அது விழுந்து உருண்டால் தேடுவது பெரும்பாடு. சரசரப்பு அடங்கும்வரை சுற்றி, பசையை முழுக்கக் கழுவி, மீண்டும் தாள் சோதனை.

ஈரப்பதமான இடத்தில் இந்த இயந்திரத்தின் எதிரி துரு. வெட்டி முடித்ததும் ஒட்டிய புல்லைத் தட்டி, துணியால் துடைத்து, தகட்டில் லேசாக எண்ணெய் தடவினால் போதும். தண்ணீர் பீய்ச்சிவிட்டு அப்படியே நிறுத்தினால் ஒரே இரவில் செம்பழுப்பு ஏறும். சக்கரத்துக்குள் கியர் இருக்கும் குழியில் புல்லும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகும், பருவத்துக்கு ஒருமுறையாவது திறந்து துடைத்து கொஞ்சம் கிரீஸ் வையுங்கள். பின்னுருளை மரத்தில் இருந்தால் ஈரத்தில் உப்பி வெடிக்கும். பிளாஸ்டிக் உருளை உள்ளதையே கேட்டு வாங்கலாம்.

பனி உலர்வதற்குள் வெட்டப் போகாதீர்கள். சக்கரம் வழுக்கினால் ரீல் நிற்கும், அந்த இடத்தில் வெட்டாத பட்டை விழும். நோய் தொற்றிய வட்டங்கள் தரையில் இருந்தால் அவற்றைக் கடைசியாக வெட்டி, தகட்டைக் கழுவித் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். வெட்டும் முன் தரையில் ஒரு நடை நடந்து குச்சி, கல் பொறுக்குவது கட்டாயம். பென்சில் தடிமன் குச்சியே ரீலை இறுக்கி, கைப்பிடியை வயிற்றில் இடிக்க வைக்கும். சிறு கல் அடிக்கத்தியில் பள்ளம் விழுத்தினால் அன்றிலிருந்து ஒவ்வொரு வரிசையிலும் நூல் மாதிரி ஒரு கோடு வெட்டாமல் நிற்கும். சிக்கியதைக் கையால் இழுக்கக் கூடாது, சக்கரம் அசைந்தாலே தகடும் அசையும். ஒரு மரக்குச்சியால் நெம்பி எடுங்கள்.