மிட்வேயா ஸ்டாலின்கிராடா, எதை முதல்ல படிக்கலாம்?

இரண்டாம் உலகப்போர் எங்க திரும்புச்சுன்னு படிக்க ஆரம்பிக்கிறவங்க பசிபிக் கடல்ல அமெரிக்காவும் ஜப்பானும் மோதின மிட்வே, சோவியத் நகரத்துல ஜெர்மனியும் சோவியத்தும் மோதின ஸ்டாலின்கிராட், இந்த ரெண்டு சண்டைலதான் குழம்புறாங்க, ரெண்டுமே 1942ல ஆரம்பிச்சது.

காலம்
மிட்வே: ஜூன் 4ல தொடங்கி நாலே நாள்.
ஸ்டாலின்கிராட்: ஆகஸ்ட்லருந்து 1943 பிப்ரவரி 2 வரைக்கும்.

இழப்பு
மிட்வே: ஜப்பானுக்கு நாலு விமானந்தாங்கிக் கப்பல் போச்சு, அதுல அகாகி, காகா, சோர்யு மூணும் காலைல பத்தரை மணிக்குள்ள, சில நிமிஷத்துல குண்டு வாங்கி எரிய ஆரம்பிச்சிருச்சு. அமெரிக்காவுக்கு யார்க்டவுன்ங்கிற விமானந்தாங்கிக் கப்பல் போச்சு.
ஸ்டாலின்கிராட்: மாடிக்கு மாடி, ரூமுக்கு ரூம் சண்டை. கைதான ஜெர்மன் பக்கத்து ஆளுங்க சுமார் 91,000 பேர், ஊர் திரும்பினது ஏறக்குறைய 6,000 பேர்தான், படிக்கவே நெஞ்சு கனக்குது.

திருப்பம்
மிட்வே: கடல்ல ஜப்பானோட முன்னேற்றம் நின்னுச்சு.
ஸ்டாலின்கிராட்: நவம்பர் 19ல சோவியத் படை நகரத்துக்குள்ள நேரா மோதாம, ஓரத்துல ஜெர்மனிக்குத் துணையா பலவீனமா நின்ன ருமேனியப் படைய உடைச்சு உள்ள போச்சு, 23ஆம் தேதிக்குள்ள ஜெர்மன் படைய மொத்தமா வளைச்சிருச்சு, ஹிட்லர் பின்வாங்க விடவே இல்ல.

ஒரு வீக்எண்ட்தான் டைம் இருக்கு, கடற்போர் புரியணும்னா மிட்வே எடுங்க. ஜெர்மனி ஏன் தோத்துச்சுன்னு தெரியணும்னா ஸ்டாலின்கிராட்தான், என் ஓட்டும் அதுக்குத்தான்.