ரூ.4,800 போச்சு: கோடை நீச்சல் வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆறப்போட்டு எழுதினால் மரியாதையாக எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் இன்று அங்கிருந்து திரும்பிய கையோடு எழுதுகிறேன்.

சென்னையில் மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு பொது நீச்சல் குளம். நடத்துவது ஒப்பந்தக்காரர். பெயர் போடவில்லை, போட்டால் என்மேலேயே கேஸ் கொடுப்பார்கள், அவ்வளவு தைரியசாலிகள். அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், லீவுக்கு வந்திருந்த அக்கா மகளும் என் மகனும் வீட்டில் ஃபேனுக்கு அடியில் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். சரி, நீச்சலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று கூட்டிப்போனேன்.

டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கோச்சிங்னா கோச்சைப் பாருங்க மேடம்" என்று கை காட்டினார். இந்த வாக்கியத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

கை காட்டிய இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர். முதுகில் 'கோச்' என்று அச்சடித்த டீ-ஷர்ட், கழுத்தில் விசில், மடியில் நீள ரெஜிஸ்டர். நான் பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அவர் கேள்வி கேட்டார். "பையனுக்கு வீசிங் இருக்கா? காதுல சீழ் வந்திருக்கா? டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாம நான் தண்ணியில இறக்க மாட்டேன் அக்கா, கோவிச்சுக்காதீங்க." நைலான் காஸ்ட்யூம் கட்டாயம், தலைக்குத் தொப்பி கட்டாயம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. இவ்வளவு கறாராகப் பேசுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? பள்ளிக்கூடத்தில்கூட இப்படிக் கேட்டதில்லை. மகனை எழுந்து நிற்கச் சொல்லி, தோளைத் தட்டி, "உயரம் நல்லா இருக்கு, பட்டர்ஃப்ளை நீச்சல் வரும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவனும் விழுந்தான், நானும்தான்.

ஆளுக்கு 2,400, இரண்டு பேருக்கு 4,800 ரூபாய். க்யூஆர் அட்டை அவருடைய ஐடி கார்டு உறைக்குள்ளேயே இருந்தது, கார்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்கேன் செய்தால் ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். "ஆபீஸ் மேடம் அக்கவுண்ட்தான் அக்கா, கான்ட்ராக்ட்ல அப்படித்தான். பில் நாளைக்கு." ரெஜிஸ்டரில் இரண்டு பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி, எதிரே '4,800 பெய்டு' என்று போட்டார்.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு கோச், சுற்றிலும் கும்பலாகப் பிள்ளைகள். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொல்லிவிட்டு அவர் போனில் பேசிக்கொண்டிருப்பார். மூன்றடித் தண்ணீரில் நின்ற மகனின் பாதம் கரையில் இருந்த எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு கலங்கல். குளிக்கும் இடத்தில் ஷவரில் தண்ணீர் வராததால் எல்லோரும் வியர்வையோடு அப்படியே குதிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கண் சிவந்து எரிகிறது என்றால், "குளோரின் நல்லா போட்டிருக்கோம் மேடம், அதான் வாடை" என்று பெருமை வேறு. உண்மை நேர்மாறானது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமினுடையது. கண்ணை எரிப்பதும் அதுதான். ஒழுங்காகப் பராமரிக்கிற குளம் அப்படி நாறாது.

அப்புறம் ஒருநாள் கேட்டில் பூட்டு. 'பராமரிப்புப் பணி' என்று கையால் எழுதிய தாள். கோச்சுக்கு வாட்ஸ்அப் போட்டேன், "மோட்டார் ரிப்பேர் அக்கா, விட்டுப்போன கிளாஸ் எல்லாம் சேர்த்து எடுத்துடலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒற்றை டிக்தான், புகைப்படமும் காணோம்.

இன்று திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதே கவுண்டர், அதே ஆள். கோச் எங்கே என்று கேட்டால், "யாரு மேடம் அவரு? எங்க ஸ்டாஃப் இல்லையே. ஒரு மணி நேர டிக்கெட் எடுத்துட்டு உள்ள விடுங்க பிள்ளைங்கள." கோச்சைப் பாருங்க என்று கை காட்டியதே நீதானேப்பா என்றால், "நான் பொதுவா சொல்லியிருப்பேன்." இரண்டு பேரும் ஒரே டீயைப் பிரித்துக் குடித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்! மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். சாப்பிட்டு வந்த மேனேஜர், சிசிடிவி வேலை செய்யவில்லை என்றார், நான் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒப்பந்தக்காரர் நம்பர் கொடுத்தார்கள், ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. மண்டல அலுவலகத்துக்குப் போன் போட்டால், "அது டெண்டர் விட்டாச்சும்மா, அவங்ககிட்டயே கேளுங்க."

வயிறு எரிந்தது எங்கே தெரியுமா? அந்த நீள ரெஜிஸ்டர் கவுண்டர் மேசையில்தான் கிடக்கிறது. இப்போது அதில் லாக்கர் சாவிக் கணக்கு எழுதுகிறார்கள். முன்பக்கத் தாள்களைக் கிழித்த இடத்தில் தையலோடு ஒட்டிக்கொண்டு துண்டுத் துண்டாகக் காகிதம். "ஸ்டாஃப் இல்லாத ஆளோட நோட்டு உங்க மேசைக்கு எப்படி வந்தது?" என்றதற்கு, "மேடம், கியூவை மறைக்காதீங்க." 4,800 ரூபாய் கொடுத்தவள் கியூவை மறைக்கிறேனாம்.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. கவுண்டரில் அச்சடித்த ரசீது தராத எவருக்கும் பணம் போடாதீர்கள், டீ-ஷர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஸ்கேன் செய்ததும் தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சேர்ப்பதற்கு முன் ஆழமான பக்கம் போய்ப் பாருங்கள், அடியில் உள்ள வடிகால் மூடி தெரியாவிட்டால் பிள்ளையை இறக்காதீர்கள். முழுகினால் மேலே இருப்பவருக்குத் தெரியாது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், பேமெண்டின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. நுகர்வோர் புகாருக்கு 1915.

நான் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். நாளைக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தக் குளம் யாருக்கு ஒப்பந்தம், பயிற்சிக்கு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு, யார் யார் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் கேட்கப்போகிறேன். இதே கோடையில் இதே மாதிரி க்யூஆர் அட்டைக்குப் பணம் போட்ட பெற்றோர் வேறு யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.