வேற்றுலகினர் நம்மை எப்பெயரால் அழைப்பர்: ஓர் ஒப்பீடு

வேற்றுலகத்தார் பூமிக்கு வருவதை வைத்து ஒரு குறுநாவல் எழுதி வருகிறேன். அவர்கள் தமக்குள் நம்மைக் குறிப்பிட ஒரு பெயர் தேவைப்பட்டதால், பெயர் அமையக்கூடிய வழிகளையெல்லாம் எடைபோட்டு, 'நெருப்பாளர்' என்பதைத் தேர்ந்துகொண்டேன். மற்றவற்றை ஏன் விலக்கினேன் என்பதை, இதே கேள்வியில் ஆர்வமுள்ளோர்க்காக எழுதுகிறேன்.

நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயரையே அவர்களும் ஏற்பார்கள் என்ற வழியை விரைவில் கடந்துவிடலாம். 1977-இல் இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் வேற்றுலகினர்க்காக ஏற்றி அனுப்பிய, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்துகள் உள்ளன. (தெலுங்கும் கன்னடமும் அதில் இருக்க, தமிழ் இல்லாதது எனக்கு இன்றும் வருத்தமே.) அத்தனை மொழிகளில் நம் பெயர் எது என்பதைக் கேட்பவர் எவ்வாறு அறிவார்? தவிர, புதிதாக வந்திறங்குவோர் தம் எண்ணப்படியே பெயர் வைப்பதை நம் வரலாற்றிலேயே காண்கிறோம். 1492-இல் கரீபியத் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், தாம் ஆசியாவை அடைந்துவிட்டதாக எண்ணி, அங்கிருந்தோரை இந்தியர் என்றார். அப்பெயர் இன்றளவும் முற்றிலும் நீங்கவில்லை.

அடுத்தது இடத்தால் அமையும் பெயர்: புவியர், பூமிவாசிகள், அல்லது சூரியனை ஒட்டிய ஏதோ ஒன்று. தொலைவிலிருந்து காண்போர்க்கு இது இயல்பானதுதான். 51 பெகாசி என்ற விண்மீனைச் சுற்றும் கோள் 1995-இல் அறிவிக்கப்பட்டபோது, நம் வானியலாளர்களும் விண்மீனின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்தே அதைக் குறித்தார்கள். ஒரு கோளுக்கு இது போதும்; அக்கோளில் வாழும் ஓர் இனத்துக்குப் போதாது. என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு காரணமே என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஓர் இனத்தின் பெயர், அருகில் உள்ள பிற இனங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும். எறும்பும் திமிங்கிலமும் ஆலமரமும் புவியரே. 2018-இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி, பூமியின் உயிரினங்கள் அனைத்திலும் அடங்கியுள்ள கார்பன் ஏறத்தாழ 550 பில்லியன் டன். அதில் தாவரங்களின் பங்கு 450 பில்லியன், மனிதரின் பங்கு 0.06 பில்லியன். இந்தக் கணக்கை அறிந்த விருந்தாளி 'புவியர்' என்று சொன்னால், அவர் மரங்களையும் புற்களையும் குறிப்பிடுவதாகவே நான் கொள்வேன்.

உடலால் அமையும் பெயரும் இதே சோதனையில் தோற்கிறது. 1972-இல் புறப்பட்ட பயனியர் 10 கலத்தின் தகட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் நிற்கிறார்கள். அதைக் கண்டவர் நம்மை இருகாலிகள் என்று அழைக்கலாம். ஆனால் கோழிக்கும் இரண்டு கால்கள்தாம், எண்ணிக்கையிலும் கோழிகளே நம்மைவிட மிகுதி.

மனத்தால் அமையும் பெயர் நம் மரபுக்கு நெருக்கமானது. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து, மனம் என்னும் ஆறாம் அறிவை மக்களுக்கு உரியதாக்குகிறது. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸும் அறிவை வைத்தே நம் இனத்துக்கு 'ஹோமோ சேபியன்ஸ்' (அறிவுள்ள மனிதன்) என்று பெயரிட்டார். எனக்கு மிகவும் பிடித்த வகைப்பாடு என்றாலும், விண்மீன்களுக்கு இடையே கடந்து வந்தவர்க்கு அறிவு என்பது தம்மிடமும் உள்ள ஒன்றாதலால், அதை நம் தனி அடையாளமாகக் கொள்ள அவருக்குக் காரணம் இல்லை.

உண்மையான போட்டி, செயலால் அமையும் இரண்டு பெயர்களுக்கு இடையேதான்: வானொலி அலை வீசுவோர், நெருப்பை ஆள்வோர். வானொலிக்கு வலுவான சான்று இருக்கிறது. வியாழனை நோக்கிச் சென்ற கலிலியோ கலம் 1990 டிசம்பரில் பூமியைக் கடந்தபோது, அதன் கருவிகளால் இங்கே உயிர் இருப்பதைக் கண்டறிய முடியுமா என்று வானியலாளர் கார்ல் சேகனும் உடன் ஆய்ந்தோரும் பார்த்தார்கள். ஆக்சிஜனும் மீத்தேனும் உயிருக்கு அறிகுறியாயின. அறிவுள்ள உயிருக்கு அறிகுறியாக அமைந்தவை குறுகிய அலைவரிசை வானொலிக் குறிகளே. ஆனால் நாம் வானொலி அலை வீசத் தொடங்கி ஒன்றேகால் நூற்றாண்டுதான் ஆகிறது. கண்ணாடி இழை வடங்கள் வழியே செய்திகள் செல்லச் செல்ல, வெளியே கசியும் அலைகளும் குறையக்கூடும்.

நெருப்போ, தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகைச் சான்றுகளின்படி, ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளாக நம் மூதாதையர் வழியே வந்துகொண்டிருக்கிறது. பூமியில் வேறெந்த உயிரும் நெருப்பை மூட்டுவதில்லை. நெருப்பு எங்கும் உள்ள பொருள் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் அது அரிது: சூரியனில் நிகழ்வது அணுக்கரு இணைவு, வியாழனின் துணைக்கோளான அயோவில் பொங்குவது உருகிய பாறை. எரிவதற்குத் தாவரம் தரும் விறகும், ஒளிச்சேர்க்கை தரும் ஆக்சிஜனும் சேர வேண்டும். சூரியக் குடும்பத்தில் காட்டுத்தீ பற்றக்கூடிய இடம் பூமி ஒன்றே. வந்தவர்கள் நம் காற்றின் ஒரு குடுவையை எடுத்து ஆய்ந்தாலே செய்தி முழுவதும் தெரிந்துவிடும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டியிருக்கிறது. அதில் கார்பன்-14 என்னும், காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன் வகையின் விகிதத்தை, பல கோடி ஆண்டுகள் மண்ணில் புதைந்து அவ்வகை முழுவதும் சிதைந்துபோன நிலக்கரியும் எண்ணெயும் கலந்து நீர்த்துப்போகச் செய்கின்றன. மிகப் பழைய உயிர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து எரிக்கும் ஓர் இனம் இங்கே இருக்கிறது என்பதை அக்காற்றே சொல்லிவிடும். இரவில் சுற்றுப்பாதையிலிருந்து பார்த்தால் பாரசீக வளைகுடாவின் எண்ணெய்க் கிணறுகளில் எரியும் வாயுச் சுடர்களையும் அவர்கள் காண்பார்கள்.

'தீயர்' என்று சுருக்காமல் 'நெருப்பாளர்' என்று வைத்தது, கொடியவர் என்ற பொருள் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ஒரு வரம்பையும் சொல்லியாக வேண்டும். வருவோர் பனி மூடிய கடலுக்கடியில் தோன்றியவர்களாக இருந்தால், அவர்கள் சுடரையே கண்டிருக்க மாட்டார்கள். காணாத ஒன்றுக்கு அவர்கள் அஞ்சிப் பெயரிடுவார்களா, கவனிக்காமலே விடுவார்களா என்பதில் எனக்கு உறுதி இல்லை. அப்படிப்பட்ட விருந்தாளிகளைப் படைப்பவர்க்கு வானொலிப் பெயரே பொருந்தும். என் கதையில் வருவோர் காடுள்ள ஓர் உலகிலிருந்து வருகிறார்கள். அங்கே மின்னலால் மட்டுமே தீ பிறக்கும், யாரும் அதைக் கையில் எடுத்ததில்லை.