பட்டியலா, அட்டையா, வேரா? கடின ஆங்கிலச் சொற்களைப் படிக்க மூன்று வழிகள்

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர், ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறவர், திருப்பூரில் பையருக்கு, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, தினமும் மெயில் அனுப்பும் மெர்ச்சண்டைசர் என்று யாராக இருந்தாலும் மூன்று வழிதான் கண்முன் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் சொல் அடுக்கிய பட்டியல் புத்தகம், போனில் ஒரு பக்கம் சொல்லும் மறுபக்கம் பொருளும் காட்டும் அட்டை ஆப், சொல்லின் வேரைப் பிடித்துக் குடும்பமாகப் படிப்பது. நான் எடுத்துக்கொண்டது மூன்றாவதை. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பட்டியல் புத்தகம் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பழைய புத்தகக் கடையில் அப்படி ஒன்றை எடுத்து ஓரத்தைப் பாருங்கள். முதல் கால் பங்கு விரல் பட்டுக் கறுத்திருக்கும், மீதி புத்தம் புதிதாக இருக்கும். அகர வரிசைதான் காரணம். அபேட், அப்டிகேட், அபேயன்ஸ், அப்ஹார் என ஒரே ஓசையில் தொடங்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது, சொல்லைப் பார்த்தால் பொருள் தெரிந்தால் போதும் என்பவருக்கு மட்டும் பட்டியல் சரிவரலாம்.

அட்டை ஆப் நல்ல கருவி. ஆன்கி போன்றவை ஆண்ட்ராய்டில் இலவசம். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையை மறுபடி நீட்டும். சிக்கல் பராமரிப்பில் வருகிறது. ஆன்கி தானாகவே நாளுக்கு 20 புதிய அட்டை என்று வைத்திருக்கும். ஆரம்பத்தில் லேசாகத் தெரியும். ஒரு மாதம் போனால் பழைய அட்டைகள் மட்டுமே தினம் 150-ஐத் தாண்டி வந்து நிற்கும். அட்டைக்கு 8 விநாடி என்றாலும் 20 நிமிடம். ஊரில் நோம்பி, கல்யாணம் என்று ஒரு வாரம் தொடாமல் விட்டால் நூற்றுக்கணக்கில் குவிந்துவிடும். அந்த எண்ணிக்கையைப் பார்த்ததும் ஆப்பைத் திறக்கவே மனம் வராது. பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். இந்த வழியே வேண்டும் என்பவர்கள் செட்டிங்கில் புதிய அட்டையை 5 ஆக இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

வேர் வழியில் பாக்கி சேராது. ஒரு வாரம் விட்டாலும் நோட்டு அதே பக்கத்தில் காத்திருக்கும். அதோடு கொங்கு நாட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் தொழில்கள் கடன் வாங்கிய சொற்களிலேயே பாதி வேர்கள் கிடக்கின்றன.

கோவை பம்ப் பட்டறையில் இம்பெல்லர் தெரியாதவர் இல்லை. தண்ணீரைத் தள்ளுவது அது. லத்தீனில் 'பெல்' என்றால் தள்ளு. கம்பெல் என்றால் வேறு வழியில்லாமல் தள்ளுவது, டிஸ்பெல் என்றால் சந்தேகத்தையோ பயத்தையோ விரட்டுவது, ரிப்பெல்லன்ட் என்றால் கொசுவைத் துரத்துவது. இதே வேர் 'பல்ஸ்' என்றும் உருமாறும். கம்பல்சரி, இம்பல்ஸ், ரிபல்சிவ், டாக்டர் பிடித்துப் பார்க்கும் பல்ஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்ட்ரிக்கு வேர் ஊற்றுதல். ரீஃபண்ட் திருப்பி ஊற்றியது, டிரான்ஸ்ஃப்யூஷன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றுவது, கன்ஃப்யூஸ் ஒன்றோடொன்று கலந்து ஊற்றியது. சாயப்பட்டறைக் கழிவுநீரான எஃப்ளூயன்ட் வெளியே ஓடுவது. நாக்கில் தடையின்றி ஓடினால் ஃப்ளூயன்ட், ஆட்கள் திரண்டு உள்ளே வந்தால் இன்ஃப்ளக்ஸ். துணிக்கு எடுக்கும் ஃபாஸ்ட்னெஸ் ரிப்போர்ட்டில் உள்ள ஃபாஸ்ட்டுக்கு வேகம் என்று பொருளில்லை, சாயம் துணியை விடாமல் பிடித்திருப்பது என்று பொருள். ஸ்டெட்ஃபாஸ்ட், ஃபாஸன் இரண்டும் அங்கிருந்து திறக்கும். நியூசிலாந்தில் மொழி ஆய்வாளர் அவரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட, பாடநூல்களில் அடிக்கடி வரும் சொற்களைத் திரட்டிய கல்விச் சொற்பட்டியலும் 570 குடும்பங்களாகத்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது.

செய்முறை இதுதான். நீள நோட்டில் ஒரு வேருக்கு ஒரு பக்கம். மேலே தொழிலில் தெரிந்த சொல், அதன் கீழ் வேரின் பொருள் தமிழ் வினையாக: தள்ளு, ஊற்று, ஓடு. பிறகு ஆறிலிருந்து எட்டு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வேலையிலிருந்து ஒரு வாக்கியம். 'டிலே ஆனதால் ஏர் ஷிப்மென்ட் அனுப்ப கம்பெல் செய்யப்பட்டோம்' என்பது போல, ஆனால் முழுக்க ஆங்கிலத்தில். வாக்கியம் எழுதாத சொல் கணக்கில் சேராது. மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் பொருளை ஸ்கேலால் மூடிப் பாருங்கள். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். 60 வேர் முடித்தால் ஏறத்தாழ நானூறு சொல் கையில் இருக்கும்.

இந்த வழியில் கெடும் இடங்களும் உண்டு. கம்பெல், இம்பெல், ப்ரொபெல் மூன்றையும் ஒரே நாளில் படித்தால் குழம்பும். நாளுக்கு இரண்டு என்று ஒரு பக்கத்தை நான்கு நாளில் நிரப்புங்கள். ஒரே முகச்சாயல் உள்ள சொல்லெல்லாம் உறவும் அல்ல. ஃபவுண்ட்ரிக்கும் ஃபவுண்டேஷனுக்கும் வேர் வேறு, பின்னது 'அடி' என்ற பொருளில் வந்தது. பருப்பு வகையைச் சொல்லும் பல்ஸுக்கும் நாடித்துடிப்புக்கும் சம்பந்தமில்லை. அவுட்ரேஜில் அவுட்டும் இல்லை, ரேஜும் இல்லை, பிரெஞ்சிலிருந்து முழுசாக வந்த சொல். பக்கத்தில் எழுதுமுன் அகராதியில் சொல்பிறப்பை ஒருமுறை பாருங்கள்.

நம் பேச்சில் புழங்கிப் பொருள் மாறிய சொற்களுக்கு எந்த வழியும் உதவாது, தனியாகக் குறிக்க வேண்டும். நமக்கு ஹோட்டல் சாப்பிடும் இடம், ஆங்கிலேயருக்குத் தங்கும் இடம். படிப்பை முடித்ததை 'பாஸ் அவுட்' என்று லண்டன் பையருக்கு எழுதினால் மயங்கி விழுந்ததாகப் படிப்பார். நம்மிடமிருந்து போனதும் உச்சரிப்பு மாறித்தான் திரும்புகிறது. தென்னை நாரைப் பொள்ளாச்சியில் காயர் என்பது அங்கே 'கொயர்'. கொடிவேரி அணைக்கட்டு என்பதில் உள்ள அணைக்கட்டு ஆங்கிலத்தில் 'ஆனிகட்' ஆகிவிட்டது.

ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்ட சொற்களில் வேர் வழி தோற்றுப்போகும். இடிபாட்டைச் சொல்லும் டெப்ரியில் எழுத்தில் உள்ள கடைசி 'ஸ்' ஒலிக்காது, சந்திப்பைச் சொல்லும் ராண்டெவூவில் கடைசி எழுத்து இருந்தும் இல்லாததுபோல. இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் ஐம்பது அட்டை போட்டு, பின்பக்கத்தில் பொருளுக்கு முன்னால் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைப்பது நல்லது.