மாண்டெக்ரிஸ்டோ நம்பர் 4: ஆறேழு வருஷம் வைத்திருந்து பிடித்த கதை

மாண்டெக்ரிஸ்டோ நம்பர் 4 என்ற கியூபச் சுருட்டைப் பெட்டியாக வாங்கி வருஷக்கணக்கில் வைத்திருந்தால் ருசி கூடுமாமே, உண்மையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுத உட்கார்ந்தது இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நீளம், தடிமன், எந்த ஊர் இலை என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. புகையிலை வாய்க்கும் தொண்டைக்கும் கேடு என்பதும் தெரிந்ததே. நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் ஒன்றும் ஆகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ருசி கூடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வருஷத்தைவிட ஈரப்பதம்தான் முக்கியம். அந்த ஈரப்பதம் என் பிராணனை வாங்கிவிட்டது.

நான் இருப்பது துபாயில். ஆகஸ்டில் வெளியே கடலோரப் புழுக்கம், உள்ளே நாள் முழுக்க ஏசி ஓடிக் காற்று வறண்டு கிடக்கும். ஊருக்குப் போகும்போது ஏசியை அணைத்தால் வீடு சூடாகி, இலைக்குள் தூங்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்க வழி பிறந்துவிடும். அப்புறம் சுருட்டில் ஊசி குத்தியதுபோல் துளைதான். அந்த முட்டை சாகட்டும் என்று ஏற்றுமதிக்கு முன்னால் கியூபாவிலேயே உறையவைத்துத்தான் அனுப்புகிறார்கள். இருந்தாலும் புதுப் பெட்டி எதுவானாலும் இறுக்கமாகக் கட்டி ஃப்ரீசரில் சில நாள் போட்டுவிடுவேன். பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் இருக்கட்டும். சட்டென்று சூட்டுக்கு வந்தால் மேலிலை வெடிக்கும்.

இப்போது சுருட்டை வைக்க நான் முதலில் வாங்கிய மரப்பெட்டிக்கு வருகிறேன். ஹியூமிடார், அதாவது உள்ளே ஈரப்பதத்தைக் காக்கும் பெட்டி என்று சொல்லி விற்றார்கள். தயாரித்தவர் பெயர் வேண்டாம். பார்க்க அவ்வளவு அழகு. பளபளக்கும் மேல்பூச்சு, பித்தளைச் சாவி, உள்ளே ஸ்பானிஷ் சீடர் மரம். (அது வேம்பின் குடும்பத்து மரம், தேவதாருவுக்கும் அதற்கும் உறவில்லை. வாசனை மட்டும் அபாரம்.) ஆனால் மூடி சரியாக உட்காராது. மூடிக்கு நடுவே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் தாராளமாக வெளியே வந்துவிடும். கூடவே கொடுத்த முள் வைத்த ஹைக்ரோமீட்டரோ (ஈரப்பதம் அளக்கும் கருவி) எப்போதும் திருப்தியாக 70 காட்டிக்கொண்டே இருந்தது. அது சொல்வது சரியா என்று பார்க்க, சாப்பாட்டு உப்பை ஒரு மூடியில் எடுத்துத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டு ஒரு நாள் விட்டேன். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு வந்தே தீரும், இது இயற்பியல். மீட்டரோ 67-ல் நின்றது, எட்டு குறைவு. அதாவது 70 என்று அது காட்டியபோதெல்லாம் என் சுருட்டுகள் 78-ல் ஊறிக்கொண்டிருந்தன. காசு கொடுத்து வாங்கிய பொருள் காட்டிய எண்ணை நம்பினேன், இதில் என் தப்பு என்ன இருக்கிறது?

அமெரிக்காக்காரர்கள் பரப்பிவிட்ட '70-க்கு 70' என்ற கணக்கும் (70 சதவீத ஈரம், 70 ஃபாரன்ஹீட்) கியூபச் சுருட்டுக்கு அதிகம் என்பதே என் கட்சி. ஈரம் கூடினால் இலை உப்பும், உள்ளே வழி அடையும், புகை வராது, ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணையும். உடனே நாம் சுருட்டியவரைத் திட்டுவோம். 1990-களின் கடைசியில் அவசர உற்பத்தியில் அடைத்துக்கொண்ட சுருட்டுகள் கியூபாவிலிருந்து நிறைய வந்தன என்பதும், அதன் பிறகுதான் தொழிற்சாலைகளில் இழுவையைச் சோதிக்கும் எந்திரம் வைத்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனாலும் பாதிப் பழி ஈரத்துக்குச் சேரவேண்டியது. இழுபடாத சுருட்டை 65-க்கு இறக்கி இரண்டு மாதம் சும்மா விட்டுப் பாருங்கள்.

கடைசியில் வென்றது டப்பர்டார். சமையலறையில் மாவு போட்டு வைக்கும் ரப்பர் வளையம் வைத்த பிளாஸ்டிக் டப்பாதான். அதற்குள் சுருட்டை அதன் சொந்தப் பெட்டியோடே வைத்து, 65 சதவீத ஈரப்பதப் பாக்கெட் இரண்டைப் போட்டு மூடியாயிற்று. அலமாரியின் அடியில், ஏசி நேராகப் படாத மூலையில் கிடக்கிறது. மரப்பெட்டி கேட்ட விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. எண் அசைவதே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க மரப்பெட்டிக்காரன் மேல் கோபம் கூடுகிறது.

சரி, ருசி. புதிதாக இருக்கும்போது நம்பர் 4 கொஞ்சம் முரடு. மிளகுக் காரம், மூக்கில் ஏறும் அமோனியா, அதற்குப் பின்னால் எங்கோ காப்பி. புது அரிசி குழைவதுபோல எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இரண்டாம் வருஷம் அமோனியா போய்விட்டது. மூன்று, நான்கில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை, பொறுமைதான் போயிற்று. ஐந்தாம் வருஷத்துக்கு அப்புறம் ஒரு மாலை எடுத்துப் பற்றவைத்தால், காரம் பின்னால் போய் முந்திரி, கொக்கோ, கடைசி மூன்றில் ஒரு பங்கில் மெல்லிய தோல் வாசனை என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தது. சாம்பல் உதிராமல் நின்றது. இத்தனை சிறிய சுருட்டிலிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை. அந்த அரை மணி நேரத்துக்குக் குறை சொல்ல என்னால் முடியாது.

விலைதான் பேச்சை மாற்றுகிறது. 2022-ல் கோஹிபா, டிரினிடாட் என்ற உயர்ரகக் கியூபச் சுருட்டுகளின் விலையை உலகெங்கும் ஹாங்காங் அளவுக்கு ஏற்றினார்கள். மற்றவையும் பின்னாலேயே ஏறின. அதே வருஷம் செப்டம்பரில் இயன் புயல் கியூபாவின் புகையிலை மாகாணமான பினார் டெல் ரியோவில் இலை உலர்த்தும் கொட்டகைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. கடையில் சரக்கு இருந்தால் விலை கட்டுப்படியாகாது, விலை கட்டுப்படியானால் சரக்கு இருக்காது என்று இருந்த காலம் போய், இப்போது சரக்கும் அரிது, விலையும் உச்சம். இந்தச் சந்தடியில் போலிகள் வேறு. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டியை யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். பெட்டியில் ஒட்டிய முத்திரையின் எண்ணை, கியூபச் சுருட்டுகளை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம்.

ஆக, நான் பிடித்ததில் சிறந்த சுருட்டுகளில் இது ஒன்று. இருந்தும் முதிர வைப்பதற்காக இதைப் பெட்டியாக வாங்காதீர்கள். இன்றைய விலைக்கு இத்தனை வருஷக் காவல் வேலை கட்டுப்படியாகாது. ஒற்றையாக வாங்கிப் பிடியுங்கள், போதும். ஆசை அடங்கவே இல்லையென்றால் கடையில் பெட்டியைத் திருப்பி அடியைப் பாருங்கள். தொழிற்சாலைக் குறியீட்டோடு மாதமும் வருஷமும் ஸ்பானிய மொழியில் சுருக்கமாக அச்சிட்டிருக்கும், 'அகோ' என்றால் ஆகஸ்ட். மூன்று நான்கு வருஷம் முந்தைய தேதியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை ஏசி கரண்டு பில் கட்டியது கடைக்காரர்.